சனிக்கிழமை கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை: எதை விடுவது?

நெல்லை_கீபோர்டு | பிப்ரவரி 19, இரவு 11:20

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

நான் ஒரு இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரம். கல்யாண ரிசப்ஷன், கல்லூரி ஆண்டு விழா, கோயில் கொடை என்று போவோம். ஒரு ராத்திரிக்கு 2,000, சீசனில் 2,500 கிடைக்கும். பகலில் மொபைல் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையிலும் நான்தான் கீபோர்டு. அங்கே காசு வாங்குவதில்லை.

சனிக்கிழமை ரிசப்ஷன் முடிந்து, ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றி, வழியில் பரோட்டாக் கடையில் சாப்பிட்டு வீடு வந்து சேர இரண்டு, இரண்டரை ஆகிவிடுகிறது. காலை ஆராதனையில் கை மட்டும்தான் வாசிக்கிறது. பாஸ்டர் ஜெபிக்கும்போது பின்னால் மெதுவாக ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தெரியும்தானே. போன வாரம் அந்த இடத்தில் என் விரல் தன்பாட்டுக்கு முந்தின ராத்திரி வாசித்த குத்துப்பாட்டின் இடையிசைக்குப் போய்விட்டது. சபையில் யாருக்கும் தெரியவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

இது பாவமா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ஆண்டவரிடம் நெருங்க வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது, ஆனால் அதற்கு வாரத்தில் இடமே இல்லை. படம், ஐபிஎல் எல்லாம் முன்பே விட்டாயிற்று. அதில் பெரிய கஷ்டம் இல்லை. இதில் கஷ்டம் இருக்கிறது, ஏனென்றால் எனக்கு இதில் சந்தோஷமும் இருக்கிறது, காசும் இருக்கிறது. பாஸ்டர் “ரெண்டுல ஒண்ணை விடு” என்கிறார். உலகக் காரியங்களை விட்டவர்கள் எப்படி விட்டீர்கள்? விட்டது நிலைத்ததா?

வெள்ளுடை | பிப்ரவரி 19, இரவு 11:41

“உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்.” 1 யோவான் 2:15. கேள்வியிலேயே உங்கள் பதில் இருக்கிறது பிரதர். விட்டுவிடுங்கள்.

பாதிவழி | பிப்ரவரி 20, காலை 6:55

ஒரு சந்தேகம். அந்த ரிசப்ஷனுக்கு உங்க பாஸ்டர் வந்து பிரியாணி சாப்பிடுவாரா?

நெல்லை_கீபோர்டு | பிப்ரவரி 20, காலை 7:30

வருவார் அண்ணன். ஜெபம் பண்ணிவிட்டு, நாங்கள் ஆரம்பிக்கும் முன் கிளம்பிவிடுவார். எங்களுக்கு முக்கால்வாசி புக்கிங் நம் ஆட்கள் வீட்டுக் கல்யாணம்தான். மேடைக்குப் பின்னால் வசனம் எழுதிய பேனர் இருக்கும். முதல் இரண்டு பாட்டு கிறிஸ்தவப் பாட்டு. மூன்றாவது பாட்டுக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் துண்டுச்சீட்டோடு வந்துவிடுவார்கள்.

கீர்த்தனை_ரசிகர் | பிப்ரவரி 20, காலை 10:12

தம்பி, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பாடகர் குழுவில் நாற்பது ஆண்டுக்கு மேலாக இருக்கிறேன். இசையை “உலகம்” என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடுவதற்குமுன் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்தவர், நெல்லைச் சீமைக்காரர். சிறுவனாக ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போனார். சரபோஜி மன்னருக்குத் தோழர். அந்தக் காலத்தில் குறவஞ்சி என்றால் ஆட்டமும் பாட்டுமாகக் கோயிலிலும் அரண்மனையிலும் அரங்கேறியது. தலைவி பந்தடிப்பாள், குறத்தி வந்து குறி சொல்வாள், சிங்கன் தன் சிங்கியைத் தேடி அலைவான். குற்றாலக் குறவஞ்சி கேட்டிருப்பீர்கள். சாஸ்திரியார் அதே சட்டகத்தை அப்படியே எடுத்து 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதில் தலைவி சபை, தலைவன் கிறிஸ்து. இன்று நாம் சபையில் கண்ணை மூடிக்கொண்டு பாடும் பல கீர்த்தனைகள் அவர் கையிலிருந்து வந்தவை. ராகமும் தாளமும் அன்றைய கச்சேரி மேடையில் இருந்தவைதான். அவரிடம் யாராவது “ஐயா, இது உலகம், விட்டுவிடும்” என்று சொல்லி அவரும் கேட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். மார்ட்டின் லூத்தர் தன் பிள்ளைகளுக்காக எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை முதலில் ஊரில் வழங்கிய ஒரு விடுகதைப் பாட்டின் மெட்டில்தான் போட்டார். பிறகு 1539-இல் அதற்கு வேறு மெட்டு அச்சேறியது. பழைய மெட்டு கேட்பவர்களை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. உங்கள் விரல் ஜெப நேரத்தில் குத்துப்பாட்டுக்குப் போனதும் அதேதான். ஆகவே பாட்டை எடைபோடாதீர்கள், அது உங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள்.

வெள்ளுடை | பிப்ரவரி 20, மதியம் 1:05

ஐயாவுக்கு மரியாதையோடு பதில் எழுதுகிறேன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எங்களை ஏதோ சிரிப்பறியாத ஜனங்கள் மாதிரி பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் என்று பெரியவர்கள் சொல்லும் சபையில் வளர்ந்தவள். 1920-களில் இலங்கையில் தொடங்கியது. இங்கே தாம்பரம் இரும்புலியூரில் தலைமை. எங்கள் ஊழியக்காரர்கள் கல்யாணம் செய்வதில்லை, சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை, விசுவாச வீட்டில் ஒன்றாகத் தங்கியிருப்பார்கள். நாங்கள் நகை போடுவதில்லை, சினிமாவுக்குப் போவதில்லை. ஆராதனைக்கு வெள்ளை உடை. இதைத்தான் வேறுபாட்டின் ஜீவியம் என்கிறோம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பட்டியல் மட்டும் தெரிகிறது. உள்ளே இருந்தவளுக்கு வேறொன்றும் தெரியும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவள் அப்பா அடகுக்கடையில் போய் நிற்பார். என் கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணித் தங்கம்கூட எடுக்கவில்லை. விழாவில் என் கழுத்தைப் பார்த்துப் பேசியவர்கள் பேசினார்கள், பேசட்டும். கடன் இல்லாமல் எங்கள் வீட்டில் நான்கு பெண்களும் கரையேறினோம். சாயங்காலம் ஆனால் வீட்டில் டிவி சத்தம் இல்லை. அப்பா வேதம் வாசிப்பார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். சின்ன வயதிலேயே எனக்குச் சங்கீதங்கள் பாதி மனப்பாடம். அதற்கு யாரும் என்னை அடித்ததில்லை. வேறு சத்தம் இல்லாததால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

சாஸ்திரியாருக்கு ஒரு கிருபை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அவர் குறவஞ்சியை எடுத்து ஆண்டவருக்குக் கொடுத்தார். கீபோர்டு பிரதர் சனிக்கிழமை வாசிப்பதை யாருக்குக் கொடுக்கிறார்?

டீச்சரம்மா | பிப்ரவரி 20, மாலை 5:48

சிஸ்டர், உங்கள் அப்பா நல்லவர். எல்லா அப்பாவும் அப்படி இல்லை.

எங்கள் அப்பா ஒரு கன்வென்ஷன் முடிந்து வந்த அன்றைக்கே வீட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஆரம்பித்தார். வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தது அவருடைய சீட்டுக்கட்டை அல்ல. என்னுடைய காமிக்ஸ். நான் லீவு நாளில் சேர்த்து வைத்த காசில் ஒவ்வொன்றாக வாங்கி, பின்பக்கம் பேர் எழுதி, நம்பர் போட்டு வைத்தவை. அட்டை எரியும்போது பச்சையாக ஒரு புகை வரும். அந்த வெந்நீரில் குளித்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனேன்.

அப்போஸ்தலர் 19:19 வாசித்துப் பாருங்கள். எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தார்களே, ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறும் என்று கணக்குப் போட்டார்களே, அவர்கள் எரித்தது தங்கள் சொந்தப் புத்தகங்களை. பவுல் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்து எரிக்கவில்லை. எனக்கு ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு பழக்கம். டிவியை எடுத்துவிட்ட வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்க்கும். போனைப் பிடுங்கிய வீட்டுப் பையனுக்கு இரண்டாவது போன் ஒன்று எங்கிருந்தோ வந்துவிடும். ஒளிக்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

தம்பி, இதற்கெல்லாம் சம்பந்தம் இருப்பதால்தான் எழுதுகிறேன். நீங்கள் விடப்போவது யாருடைய செலவில்? வீட்டுக்காரம்மா என்ன சொல்கிறார்கள்?

பாதிவழி | பிப்ரவரி 20, மாலை 6:10

டீச்சரம்மாவுக்கு ஒரு சல்யூட்.

நான் சபையை விட்டதும் இதனால்தான். நான் தியேட்டரில் நின்ற போட்டோவை யாரோ வாட்ஸப்பில் போட்டு, அது மேடைக்குப் போய், பேர் சொல்லாமல் ஆனால் சட்டை கலர் சொல்லி ஒரு பிரசங்கம். என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டை அவர் எடுத்துக் கொடுத்தது.

வெள்ளுடை | பிப்ரவரி 20, மாலை 6:32

அது தவறு. அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். மேடையிலிருந்து குத்திக் காட்டுவதை எங்கள் அப்பாவும் வெறுத்தார். ஆனால் ஒரு மேய்ப்பன் தவறு செய்தார் என்பதால் வசனம் மாறிவிடாது.

நெல்லை_கீபோர்டு | பிப்ரவரி 20, இரவு 10:50

டீச்சரம்மா, நீங்கள் கேட்டதை இதுவரை யாரும் கேட்கவில்லை. பாஸ்டரும் கேட்கவில்லை.

கடைச் சம்பளத்தில் வாடகையும் அரிசி பருப்பும் ஓடும். கச்சேரிக் காசில்தான் மகள் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் சுகர் மாத்திரை. வீட்டுக்காரி சொன்னது இதுதான்: “நீங்க நெருங்குறதுக்கு நான் ஏன் ஃபீஸ் கட்ட நகையை அடகு வைக்கணும்?” அடுத்த நிமிஷமே, “சனிக்கிழமை ராத்திரி நீங்க வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது, அதையும் சொல்லிட்டேன்” என்றாள். இரண்டும் அவள் சொன்னதுதான். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடற்கரைக்_கத்தோலிக்கன் | பிப்ரவரி 21, காலை 8:20

வணக்கம். நான் கத்தோலிக்கன், உங்கள் விவாதத்தில் நுழையலாமா? எங்களுக்குப் புதன்கிழமை சாம்பல் பூசி தவக்காலம் தொடங்கிவிட்டது, அதனால் கேட்கிறேன்.

நாங்கள் எதையும் ஒரேயடியாக விடச் சொல்வதில்லை. சாம்பல் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு இல்லை. பெரிய நோன்பு சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். அதுவும் 18 வயது முடிந்தவர்களுக்கு, 60 தொடங்கும்வரை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் சட்டங்களைத் தளர்த்தியபோது, சும்மா பட்டினி கிடப்பதோடு செபமும் தர்மமும் சேரவேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

இதில் எங்கள் ஊர் வேடிக்கை ஒன்று. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம் என்பது சட்டம். எங்கள் கடற்கரையில் இறைச்சி எடுப்பதே ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாவும்தான், மற்ற நாளெல்லாம் மீன். அன்றைக்கு நல்ல சீலா கிடைத்துவிட்டால் வெள்ளிக்கிழமைதான் வீட்டில் விருந்து! எங்கள் பங்குச் சாமியார் ஒரு வருஷம் சிலுவைப்பாதை முடிந்ததும் சொன்னார், “உங்களுக்கு மீன் ஒறுத்தல் இல்லை. தவக்காலம் முடியும்வரை கடன் கொடுத்தவன் கடன்காரனைத் திட்டாமல் இருங்கள், அதுதான் உங்களுக்கு ஒறுத்தல்.” கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. வட்டிக்கு விடுகிறவர்கள் நிறைய பேர் அன்று கோயிலில் இருந்தார்கள்.

தம்பிக்கு என் யோசனை: ஒரேயடியாக முடிவெடுக்காமல் ஈஸ்டர்வரை சனிக்கிழமையை மட்டும் விட்டுப் பாருங்கள். எல்லை போட்ட விரதத்தை வீட்டுக்காரம்மாவும் தாங்குவார்.

குடிவிட்டவன் | பிப்ரவரி 21, காலை 11:02

சார், எல்லை போட்ட விரதம் எல்லாருக்கும் ஆகாது. நான் தவக்காலம் தவக்காலமா குடிய விட்டவன்தான். ஈஸ்டர் அன்னிக்கு மொத்தத்துக்கும் சேர்த்துக் குடிப்பேன். எங்க குரூப்ல எல்லாரும் அப்படித்தான், அதுக்குப் பேரே “ஈஸ்டர் பார்ட்டி”.

எனக்குக் கொஞ்சமாங்கிற பேச்சே கிடையாது. ஒரு பீர் தொட்டா டாஸ்மாக் ஷட்டர் இறங்குற வரைக்கும் அங்கதான் நிப்பேன். ஏ.ஏ. (குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடுற அமைப்பு) கூட்டத்துல போய் உட்கார்ந்தப்புறம்தான் அது புரிஞ்சுது. அதனால வெள்ளுடை அக்கா சொல்றதுல எனக்கு மறுப்பு இல்ல. சில பேருக்குச் சில சாமான் முழுசா வேண்டாம். பவுல் சொன்னாரே, “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு”, அதோட நிறுத்திட்டு எல்லாரும் ஸ்டேட்டஸ் போடுவாங்க. அதே வசனத்துல கடைசி வரி, “நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்”. 1 கொரிந்தியர் 6:12.

கீபோர்டு தம்பிகிட்ட ஒரே கேள்வி. கச்சேரி முடிஞ்சு குழுவோட குடிப்பீங்களா?

நெல்லை_கீபோர்டு | பிப்ரவரி 21, மதியம் 2:15

இல்லை அண்ணன். குழுவில் இரண்டு பேர் குடிப்பார்கள், நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அடிமைத்தனம் என்று ஒன்று இருந்தால் அது கைதட்டல்தான். “ஒன்ஸ் மோர்” கேட்டால் உடம்பெல்லாம் சிலிர்க்கும். சபையில் யாரும் ஒன்ஸ் மோர் கேட்பதில்லை.

அகுஸ்தீன்_வாசகி | பிப்ரவரி 21, மாலை 4:40

கடைசி இரண்டு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் அகுஸ்தீனுக்கு அலிப்பியுஸ் என்று ஒரு நண்பர். ரோமில் சட்டம் படித்தவர். வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாகும் விளையாட்டை அறவே வெறுத்தவர். நண்பர்கள் வம்பாக இழுத்துக்கொண்டு போய் அரங்கில் உட்காரவைத்தார்கள். “என் உடம்பைத்தானே கொண்டுவந்தீர்கள்” என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதை மூடவில்லை. ஒரு வீரன் விழுந்தபோது கூட்டம் எழுப்பிய கூச்சலில் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். மற்றவர்களைவிட அதிகமாகக் கத்தினார். பிறகு தானே போகலானார், புதியவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் அந்த மனிதர்தான் தகாஸ்தே ஊரின் ஆயரானார். இதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கிறிஸ்தவர்கள் இந்தக் காட்சிகளுக்குப் போகவே கூடாது என்று கடுமையாக எழுதியிருந்தார். எழுதியதால் அரங்குகள் காலியாகிவிடவில்லை.

அதே அகுஸ்தீன் கோயில் இசையைப் பற்றியும் திண்டாடியிருக்கிறார். சங்கீதம் பாடக் கேட்டுக் கண்ணீர் விட்டவர். ஆனால் பாடலின் பொருளைவிடக் குரல் தன்னை அதிகம் அசைக்கும்போது அது பாவம் என்றும், அப்போது அந்தப் பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்றும் எழுதினார். அதே இடத்தில்தான், பலவீனர்களுக்கு அது உதவும், கோயிலில் பாட்டு இருக்கட்டும் என்றும் சொன்னார். இவ்வளவு பெரிய மனிதரே இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறார். ஆகவே கச்சேரியை விட்டுச் சபையில் மட்டும் வாசித்தால் கைதட்டல் ஆசை போய்விடும் என்று நம்பவேண்டாம். சபையிலும் அது ஆள் பார்த்து வரும். யூட்யூபில் ஓடும் ஆராதனை நிகழ்ச்சிகளில் புகைக்கும் லைட்டுக்கும் நடுவே கேமரா யாருடைய விரலைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

கீர்த்தனை_ரசிகர் | பிப்ரவரி 21, இரவு 8:05

அம்மா, அருமை. அடக்குமுறையாக விடவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சேர்க்கிறேன். லண்டனில் 1642-இல் நாடகக் கொட்டகைகளை மூடினார்கள், கடும் ஒழுக்கம் பேசிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் கை ஓங்கிய நேரம். 1660-இல் அரசர் திரும்பி வந்தார், கொட்டகைகள் திறந்தன. திறந்தபிறகு வந்த நாடகங்கள் முன்னைவிட ஆபாசம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வேறு விதம். 1743-இல் தம் சங்கத்தாருக்கு விதிகள் எழுதினார். கடவுளை அறியவோ நேசிக்கவோ உதவாத பாட்டைப் பாடவேண்டாம், அப்படிப்பட்ட நூலை வாசிக்கவேண்டாம் என்று அதில் உண்டு. பொன் ஆபரணமும் விலையுயர்ந்த உடையும் வேண்டாம் என்றும் உண்டு. வெள்ளுடை அம்மாள் மகிழ்வார். ஆனால் அதே விதிகளில் பசித்தவருக்கு உணவு, நோயாளியையும் சிறையிலிருப்பவரையும் போய்ப் பார்ப்பது எல்லாம் கட்டாயம். விட்டதன் பட்டியலை மட்டும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

யோவேல்77 | பிப்ரவரி 22, மதியம் 12:30

எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. அவர் கோயில் கொடையில் வாசிக்கிறார்! விக்கிரகத்துக்கு முன்னால். இதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே?

வெள்ளுடை | பிப்ரவரி 22, மதியம் 1:10

நானும் இதற்கு வரலாம் என்றிருந்தேன். 1 கொரிந்தியர் 8. போஜனம் என் சகோதரனுக்கு இடறல் என்றால் என்றைக்கும் மாம்சம் புசியேன் என்றார் பவுல். சபையில் புதிதாக இரட்சிக்கப்பட்ட ஒருவர், நேற்றுவரை அந்தக் கொடைக்கு வரி கொடுத்தவர், பிரதரை அந்த மேடையில் பார்த்தால் என்ன நினைப்பார்?

கடற்கரைக்_கத்தோலிக்கன் | பிப்ரவரி 22, மாலை 3:25

நாமான் கதையையும் வாசியுங்கள், 2 இராஜாக்கள் 5. குஷ்டம் நீங்கி, இனி கர்த்தருக்கு மட்டுமே பலி என்று சொன்னவன், தன் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் கூடவே பணியவேண்டியிருக்கும், அதை மன்னிக்கவேண்டும் என்று கேட்கிறான். அதுவும் உத்தியோகம்தானே. எலிசா திட்டவில்லை. “சமாதானத்தோடே போ” என்றான்.

யோவேல்77 | பிப்ரவரி 22, மாலை 3:40

நாமான் புறஜாதியான். இவர் ஞானஸ்நானம் எடுத்தவர். ரெண்டும் ஒண்ணா?

நெல்லை_கீபோர்டு | பிப்ரவரி 22, மாலை 6:02

கொடை பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயில் மேளம் வேறு, நாங்கள் வேறு. எங்களுக்குத் தெருமுனையில் தனி மேடை, சாமியாட்டம் நடக்கும் இடத்துக்கும் எங்களுக்கும் தூரம். ஆனாலும் பக்திப் பாட்டு இரண்டு மூன்று வாசித்துத்தான் ஆரம்பிப்போம். அது எனக்கு உறுத்துகிறது. இந்தச் சபைக்கு வரும் முன்பே உறுத்தியது. அந்த ஊர்க்காரர்கள் எங்களை மரியாதையாக நடத்துவார்கள், ராத்திரி சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள். அவர்களை நான் குறைவாகப் பேசமாட்டேன். கொடை வேண்டாம் என்று குழுத் தலைவரிடம் சொல்லப்போகிறேன். இது யார் சொல்லியும் இல்லை.

மட்டுறுத்துநர் | பிப்ரவரி 22, இரவு 9:15

இதற்குக் கீழே வந்த நகை, தாலி பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். அங்கே போய்ப் பேசவும். பிற சமயத்தாரை இழிவாகப் பேசிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

நெல்லை_கீபோர்டு | மார்ச் 9, இரவு 10:05

நிறைய பேர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

கடற்கரை அண்ணன் சொன்னபடி ஈஸ்டர்வரை சனிக்கிழமை இல்லை என்று தலைவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வேறொரு பையனைப் போட்டார். அவன் நன்றாக வாசிக்கிறான் என்று எல்லோரும் என்னிடமே சொல்கிறார்கள். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்தேன். ஜெபிக்கலாம் என்று வேதத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் கை போனுக்குப் போனது, ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்து நிமிர்ந்தால் பதினொன்றரை. கச்சேரிக்குப் போயிருந்தால் காசாவது வந்திருக்கும் என்று வீட்டுக்காரி சொன்னாள், சொல்ல உரிமை அவளுக்கு இருக்கிறது.

டீச்சரம்மா | மார்ச் 9, இரவு 10:31

மத்தேயு 12-இல் வீட்டை விட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வந்து பார்த்தபோது அது வெறுமையாகவும் பெருக்கி ஜோடிக்கப்பட்டதாகவும் இருந்ததாம். இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. சுத்தம் பண்ணியது மட்டும் போதவில்லை, உள்ளே ஆள் குடியிருந்திருக்க வேண்டும்.

தனியாக உட்கார்ந்து ஜெபிக்க எல்லோருக்கும் வராது தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுங்களேன். எங்கள் ஞாயிறு பள்ளியில் மட்டும் ஏழெட்டு பேர் கேட்கிறார்கள். ஃபீஸ் வாங்குங்கள், ஓசியில் வேண்டாம். வீட்டுக்காரம்மா சொன்ன அடகுப் பிரச்சினைக்கும் ஒரு பதில் வேண்டுமே.

கீர்த்தனை_ரசிகர் | மார்ச் 10, காலை 9:00

கீர்த்தனைகளைச் சொல்லிக் கொடுப்பதென்றால் நான் வருகிறேன். இப்போதைய பிள்ளைகள் எல்லாவற்றையும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி ஒரே ஸ்கேலில் வாசிக்கிறார்கள். அதை ஒரு மாதம் மூடிவைத்தால் அதுவே பெரிய ஒறுத்தல்!

நெல்லை_கீபோர்டு | மார்ச் 24, இரவு 9:40

வகுப்பு ஆரம்பித்தாயிற்று. ஆறு பிள்ளைகள், மாதம் 500. கச்சேரிக் காசுக்கு ஈடாகாது. செவ்வாய், வியாழன் இரவு கடை முடிந்து ஒருவருக்கு மொபைல் ரிப்பேர் செய்துகொடுக்கிறேன், மிச்சத்தை அப்படி ஓட்டுகிறேன். பிள்ளைகள் போனபிறகு ஒரு மணி நேரம் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் பாடுகிறோம். மகள் ஸ்ருதி விட்டுப் பாடுவாள். அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது. ஞாயிறு காலை தூக்கம் வருவதில்லை. நெருங்கிவிட்டேனா என்றால், தெரியவில்லை. பாஸ்டர் ஜெபிக்கும்போது அவர் என்ன ஜெபிக்கிறார் என்று காதில் விழுகிறது, அவ்வளவு சொல்லமுடியும்.

பாதிவழி | மார்ச் 24, இரவு 10:12

நல்லது தம்பி. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? லெந்து நாள்ல, அதான் தவக்காலத்துல, நம்ம ஆளுங்க கல்யாணமே வைக்கிறதில்ல. அதனால நீங்க விட்டது பாதி சனிக்கிழமைதான். சோதனையே ஈஸ்டருக்கப்புறம்தான் இருக்கு.

நெல்லை_கீபோர்டு | மார்ச் 24, இரவு 10:20

தெரியும் அண்ணன். ஏப்ரல் 11 ஒரு ரிசப்ஷனுக்குத் தலைவர் கேட்டிருக்கிறார். எங்கள் சபைக்காரர் வீட்டுக் கல்யாணமேதான். 3,000 தருவதாகச் சொல்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

வெள்ளுடை | மார்ச் 24, இரவு 10:26

அட்வான்ஸ் மட்டும் கையில் வாங்கிவிடாதீர்கள் பிரதர்.